ஆள் மாறியும் அழியா இசைக்குழு

போர்த்துக்கலில் 1926 முதல் நிலவிய சர்வாதிகாரம் 1974 ஏப்பிரல் 25 இல் வீழ்ந்தது. அதன் பின்னெழுந்த புதுக்குரல்களுள் ஒன்று, 1978 இல் லிஸ்பனில் உருவான 'ஷூட்டோஸ் இ பொன்டபேஸ்' எனும் ரொக் இசைக்குழு. 1979 சனவரி 13 இல் அது முதன்முறை மேடையேறிற்று.

முதற் பாடகர் ஸே லியொனேல் 1981 இல் விலகவே, பாஸ் கிற்றார் வாசித்த ரிம் பாடும் பொறுப்பையும் ஏற்றார். 1983 இல் கபெலெய்ரா கிற்றார்க் கலைஞராகச் சேர்ந்தார். 1987 இல் வெளிவந்த 'சிர்க்கு டி ஃபெராஸ்' இசைத்தட்டு பெரும்புகழ் ஈட்டிற்று.

தாபகருள் ஒருவரான ஸே பெட்ரோ 2017 நவம்பர் 30 இல் காலமானார். குழுவோ கலையவில்லை, 2019 இல் 'டூரு' வெளிவந்தது. தாபகரான ரிம்மும் மேளக் கலைஞர் கலூவும் நீங்காமையும், பின்வந்தோர் நெடுங்காலம் நிலைத்தமையுமே இதன் காரணங்களாம். சிலர் பிரியினும் பலர் பேணின் பணி வாழும் என்பதற்கு இஃதொரு சான்று.