பாடகியின் கையெழுத்தில் ஒரு விண்மீன் மண்டலம்

 பொன்விழாக் காணும் நம் பாடகர் குழுவின் வரலாறு சபையார் அறிந்ததே. நான் ஓர் ஆர்கன் இசைஞரையும் அவர் தங்கையையும் பற்றிச் சொல்லத் துணிகிறேன்.

1738இல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்த வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் ஆக்டகன் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்தார். தங்கை கரோலைன் ஹாண்டெலின் 'மேசியா'வில் தனிக்குரல் பாடியவர். பர்மிங்ஹாம் இசைவிழா அழைத்தும் அண்ணனை விட்டுப் போகவில்லை. வானை ஆராயத் தொடங்கிய அண்ணன், தொலைநோக்கிக்கான ஆடியை ஒருமுறை 16 மணி நேரம் கையெடுக்காமல் தேய்த்தபோது, அவர் வாயில் உணவை ஊட்டிவிட்டவர் இவரே. மார்த்தாளும் மரியாளும் ஒரே பெண்ணில் கூடிய அபூர்வம்!

1787 பிப்ரவரி 22. இங்கிலாந்தின் ஸ்லவ் ஊரில் 20 அடித் தொலைநோக்கியின் உச்சியில் நின்று அண்ணன் கண்டதை உரக்கச் சொல்வார். கடிகாரமும் நட்சத்திர அட்டவணையுமாக அமர்ந்திருக்கும் தங்கை நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வார். அவர்கள் வானைத் துழாவிய முறை இது. முன்பொரு பனியிரவில் இருட்டில் ஓடியபோது இரும்புக் கொக்கி கரோலைனின் காலைக் கிழித்துச் சதையைப் பிய்த்தது. அப்படியும் பணியை விடவில்லை. அந்தப் பிப்ரவரி இரவில் அகப்பட்டது தக்ளி போல் நடு பருத்து முனை கூர்ந்த ஓர் ஒளித்திட்டு. நட்சத்திரங்களை எண்ணிப் பெயரிடுகிறவர் கர்த்தர் என்கிறது 147ஆம் சங்கீதம். மனிதரால் எண்தான் இட முடிந்தது. 1888இல் வானியலாளர் டிரேயர் தொகுத்த அட்டவணையில் அது என்.ஜி.சி. 3115.

அது ஒரு விண்மீன் மண்டலம்; தூரம் சுமார் 3 கோடி ஒளியாண்டு. பருத்த நடுப்பகுதியும் தட்டும் உண்டு, சுருள் கரங்கள் இல்லை. புது விண்மீன்கள் பிறக்க வேண்டிய வாயுவும் அரிது. இத்தகைய வில்லை வடிவ மண்டலங்களை நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடையே 1936இல் வானியலாளர் ஹபிள் வைத்தார், அதுவும் அனுமானமாகவே. 1992இல் வானியலாளர்கள் கோர்மெண்டியும் ரிச்ஸ்டோனும் மையத்தருகே விண்மீன்கள் விரையும் வேகத்தை அளந்து, ஏறத்தாழ 100 கோடிச் சூரிய நிறையுள்ள கருந்துளை அங்கிருப்பதாக அறிவித்தனர்.

இம்மண்டலத்தைக் கண்டவர் வில்லியம் என்றே நூல்கள் எழுதுகின்றன. என் கணக்கில் அது பாதி நியாயம். அதே 1787இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் கரோலைனுக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வழங்கினார்; 1828இல் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் தந்தது.

லெந்துகால இரவுகளில் மக நட்சத்திரத்துக்குத் தெற்கே, நீட்டிய கையின் இரண்டு முஷ்டி தள்ளி அம்மண்டலம் இருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத இடமும் ஒரு சிறு தொலைநோக்கியும் போதும். பெற்றோரே, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பெண் பிள்ளைகளை முதலில் பார்க்க விடுங்கள்.