கரும்பின் கருவும் குரோமோசோமும்

தருமபுரி மாவட்டத்து அரூருக்கு அருகில் உள்ள தீர்த்தமலை, பழைய தகடூர் நாட்டைச் சேர்ந்தது. அந்நாட்டை ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் போற்றுகின்றார். ஆனால் இன்று தருமபுரி வயல்களில் வளரும் கரும்பு அப்பழங்கரும்பு அன்று. இருபதாம் நூற்றாண்டில் தொடங்கிய கலப்பின முயற்சியின் வழிவந்தது. அக்கலப்பினங்களின் கரு எவ்வாறு பிழைத்தது என்பதே நம் வினா.

ஆண் அணுவும் பெண் அணுவும் கூடி உண்டாகும் முதல் உயிரணுவே கரு. ஒவ்வோர் அணுவும் தன் இனத்திற்குரிய குரோமோசோம்களில் பாதியைக் கொணர்வது இயல்பு. அந்தக் கணக்குத் தவறினால் விளைவது யாது? 1902ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் தியோடோர் போவெரி, கடல் முள்ளெலியின் ஒரே முட்டையில் இரண்டு ஆண் அணுக்கள் புகுந்தால் நேர்வதை ஆராய்ந்தார். முட்டை ஒரேயடியாக நான்காகப் பிளந்தது; குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டன; பெரும்பாலான கருக்கள் உருக்குலைந்து மடிந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனிப் பணி உண்டு; முழுத் தொகுதியும் இருந்தாலன்றிக் கரு செவ்வனே வளராது என்று அவர் தெளிந்தார்.

மனிதனிடத்தும் இவ்விதி கடுமையானது. நமக்குரியவை 46. ஒன்று கூடினும் குறையினும் பெரும்பாலான கருக்கள் நிலைப்பதில்லை. தொடக்க மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம். இது தாயின் குற்றம் அன்று என்பதை நம் குடும்பங்கள் உணர்தல் வேண்டும்.

கரும்போ வியப்பூட்டும் விதிவிலக்கு. 1912இல் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே பார்பரும் டி. எஸ். வேங்கடராமனும் இனிய வெள்ளைக் கரும்பை மெலிந்த காட்டுக் கரும்புடன் கலந்தனர். 1918இல் 'கோ 205' வெளிவந்தது. வெள்ளைக் கரும்பின் குரோமோசோம்கள் 80. அக்காட்டுக் கரும்பின் குரோமோசோம்கள் 64. பாதியும் பாதியும் கூடினால் 72 ஆதல் வேண்டும். ஆனால் கலப்பினத்தில் காணப்பட்டவை 112. தாய் தன் 80ஐயும் முழுதாக அளித்தது. தந்தை 32ஐ மட்டும் தந்தது. இத்தகைய கலப்புகளின் இயல்பை ஜாவாவில் பிரெமர் என்பார் 1920களில் விளக்கினார்.

இக்கணக்கு மிகுதிப்பட்டும் கரு ஏன் மடியவில்லை? கரும்பில் ஒவ்வொரு வகைக் குரோமோசோமுக்கும் பல படிகள் உண்டு. ஒற்றைக் குரோமோசோம் கூடுவது சமநிலையைக் குலைக்கும். முழுத் தொகுதிகள் சேர்ந்து பெருகுவதோ அதனைப் பெரிதும் கெடுப்பதில்லை. ஆகவே இனிப்பு நீங்காமலே காட்டுக் கரும்பின் உரமும் வந்து சேர்ந்தது.

இவ்வெல்லை எதுவரை செல்லும் என்று ஆராய்ந்தவர்களுள் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சிறந்தவர். 1934 முதல் கோயமுத்தூரில் பணியாற்றிய அவர், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செய்தியை 1938இல் வெளியிட்டார். பின்னர் 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து ஒரு நூல் அளித்தார்.

கருவின் வாழ்வைத் தீர்மானிப்பது வெறும் எண்ணிக்கை அன்று. குரோமோசோம்களுக்கிடையே நிலவும் இசைவே. நாம் சுவைக்கும் வெல்லத்திற்குப் பின்னே இவ்வுண்மையைத் தேடியோரின் நெடிய உழைப்பு நிற்கின்றது. மாணவர்கள் அவ்வழியைத் தொடர வேண்டும்.