முப்பது தவ் இரும்பு

லேத்துப் பட்டறைகளில் ‘தவ்’ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தேய்ந்துபோன எஞ்சினை ரீபோர் செய்யும்போது சிலிண்டரின் விட்டத்தைப் பெரும்பாலும் முப்பது தவ் பெரிதாக்குவார்கள். சுவரின் ஒவ்வொரு பக்கத்திலும் 0.38 மில்லிமீட்டர் இரும்பு தூளாக உதிரும். உதிர்ந்தது உதிர்ந்ததுதான். அமெரிக்காவின் மசில் கார்களில் உட்கார்ந்த எஞ்சின்களிலேயே பேர்பெற்றது கிறைஸ்லரின் 426 ஹெமி. அதன் கதையை எந்த இடத்தில் தொட்டாலும் இந்தச் சுவரில்தான் வந்து நிற்கிறது.

எரியறையின் கூரை அரைக்கோள வடிவில் இருப்பதால் ஹெமி என்று பெயர். தட்டையான கூரையில் இரண்டு வால்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க முடியும். கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையில் அவற்றை எதிரெதிரே சாய்த்து வைக்கலாம், அளவையும் பெரிதாக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். 426 ஹெமியின் உள்வாங்கும் வால்வு இரண்டேகால் அங்குல விட்டம். கிறைஸ்லர் இந்த வடிவத்தை 1951லேயே தன் வி-8 எஞ்சினில் கொண்டுவந்து, பின்பு கைவிட்டிருந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பந்தயங்களில் முந்தியபோது, டாம் ஹூவர் போன்ற பொறியாளர்கள் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். இலக்கு ஒன்றே ஒன்று: 1964 பிப்ரவரியில் நடக்கவிருந்த டேடோனா 500.

பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், சோதனை மேடையில் முழு வேகத்தில் ஓடிய எஞ்சின்களின் சிலிண்டர் சுவர்களில் விரிசல் கண்டது. கூரையில் கொட்டிய உழைப்பெல்லாம், எரியறையின் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய சுவர் மெலிந்திருந்ததால் வீணாகும் நிலை. வார்ப்பாலையில் சுவரின் தடிமனைத் தீர்மானிப்பது இரும்பு அல்ல, மணல். குளிர்நீர் ஓடும் வழியை மணல் அச்சாகச் செய்து உள்ளே வைத்துத்தான் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். அச்சு சிறுத்தால் இரும்புக்கு இடம் கூடும். இண்டியானாபொலிஸ் வார்ப்பாலையில் அந்த மணல் அச்சுகளைத் தேய்த்து மெலியவைத்துப் புதிய சிலிண்டர் பிளாக்குகளை வார்த்தார்கள். இந்த எஞ்சினின் வரலாற்றில் மிக அழகான கணம் எது என்று கேட்டால், பந்தயக் கொடி அசைந்த கணத்தை நான் சொல்லமாட்டேன். ஒரு தொழிலாளியின் கை மணலைத் தேய்த்த கணம்தான் என்பேன்.

1964 பிப்ரவரி 23. பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி ஓட்டிய, கிறைஸ்லரின் பிளைமவுத் கார் 200 சுற்றுகளில் 184இல் முன்னணியில் இருந்து, மணிக்குச் சராசரி 154 மைல் வேகத்தில் வென்றது. முதல் மூன்று இடங்களும் ஹெமி பொருத்திய பிளைமவுத்களுக்கு. அடுத்த ஆண்டுப் பந்தயங்களுக்கு, அவற்றை நடத்தும் நாஸ்கார் அமைப்பு விதியை மாற்றியது. கடையில் விற்காத எஞ்சினுக்குக் களத்தில் இடமில்லை என்றது. அப்படியென்றால் விற்றுவிடலாம் என்று 1966இல் சாலைக்கான ஹெமியை கிறைஸ்லர் இறக்கியது. 7 லிட்டர், இரண்டு கார்ட்டர் கார்புரேட்டர்கள், அறிவித்த திறன் 425 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 380 கிலோ. யானை என்றே செல்லப்பெயர் விழுந்துவிட்டது.

இனி ஒரு பிளாக்கின் பின்னால் போவோம். 1968ஆம் ஆண்டு மாடல் ஒன்றில் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம். இண்டியானாபொலிஸில் வார்க்கப்பட்டு, மிச்சிகனின் மேரிஸ்வில் ஆலையில் கோக்கப்பட்டு, ஒரு பிளைமவுத் ரோட் ரன்னரில் உட்கார்ந்தது. அந்தக் காரின் அடிப்படை விலை 2,900 டாலரைக்கூடத் தொடாது. ஹெமிக்கு மட்டும் மேலும் 700 டாலருக்கு மேல் தரவேண்டும். அந்த ஆண்டிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை எஞ்சினிலும் குத்தினார்கள். திருட்டைத் தடுக்கக் குத்திய எண் அது. பின்னாளில் அதற்குத் தனி விலையே வரப்போகிறது என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

இத்தகைய எஞ்சின்கள் நிதானமாக ஓடி மூப்பெய்தியது குறைவு. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ போன்ற சாலைகளில் இரவுகளில் சிக்னலுக்குச் சிக்னல் போட்டி நடக்கும். ஒரு கியர் தவறினால் போதும், சுழற்சி எகிறி, பேரிங் பிடித்து, கனெக்டிங் ராடு பிளாக்கின் பக்கவாட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். தப்பிப் பிழைத்ததைக் கழற்றி டிராக் பந்தய வண்டிக்கோ படகுக்கோ பொருத்துவார்கள்; கார் வேறொரு எஞ்சினோடு கைமாறும். 1971க்குப் பிறகு சாலை ஹெமி நின்றுபோனது. புகைக் கட்டுப்பாடும் காப்பீட்டுக் கட்டணமும் அதற்கு மேல் அதை வாழவிடவில்லை. காரும் எஞ்சினும் வெவ்வேறு மாநிலங்களில், ஒன்றுக்கு மற்றது இருக்கும் இடம் தெரியாமல், பல பத்தாண்டுகள் கிடந்தன. 2014இல் ஒரு 1971 ஹெமி குடா கன்வர்டிபிள் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த அளவு வேண்டாம். காரின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஒத்துப்போனாலே விலை எங்கோ போய்விடும் காலம் வந்தது. கொட்டகை மூலைகளில் தேடத் தொடங்கினார்கள்.

பட்டறைக்கு வந்துசேரும் பிளாக்கை முதலில் காரநீரில் வேகவைக்கிறார்கள். கிரீஸும் பெயின்ட்டும் நீரோடிய வழியில் படிந்த துருச்சேறும் கரைந்து, 1968இன் இரும்பு சாம்பல் நிறத்தில் வெளியே தெரியும். அடுத்து காந்தமேற்றி இரும்புத்தூளைத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தூள் அதன்மேல் கோடாகக் கூடும். அதில் தேறினால்தான் சுவரை அளக்கும் வேலை.

மீயொலிக் கருவியின் முனையைச் சிலிண்டருக்குள் வைத்து, சுற்றிலும், மேலிருந்து கீழாக, தடிமனைக் குறித்துக்கொண்டே போவார்கள். எட்டு சிலிண்டர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரும்பை ஊற்றியபோது மணல் அச்சு இம்மியளவு நகர்ந்திருந்தாலும் சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். பிஸ்டன் கீழிறங்கும்போது சாய்ந்து அழுத்தும் பக்கம் மெலிந்திருந்தால்தான் கவலை. 1964இல் விரிசல் விட்ட அதே சுவரைத்தான் இப்போதும் பயந்து பயந்து அளக்கிறார்கள். முந்தைய உரிமையாளர்கள் ஏற்கெனவே இரண்டு முறை போர் அடித்திருந்தால் மிச்சம் குறைவு. அப்போது சிலிண்டருக்குள் லைனர் என்ற புது இரும்புக் குழாயை இறக்கவேண்டும். எண்ணுக்காகப் பிளாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் எட்டிலும் இறக்குவதுண்டு. அதைக் கலப்படம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேய்ந்த இடத்தில் புது இரும்பு வைப்பது பழுதுபார்ப்பு. புது பிளாக்கில் பழைய எண்ணைக் குத்துவதுதான் பொய்.

போர் அடித்ததும் நேரே ஹோனிங் செய்துவிட, அதாவது கல்லால் தேய்த்துச் சுவரை முடித்துவிட, முடியாது. சிலிண்டர்களை மூடும் ஹெட்டை முறுக்கி இறுக்கும்போது அந்த விசையில் சிலிண்டரே வட்டம் பிசகும். அதனால் ஹெட்டுக்குப் பதிலாக ஒரு தடித்த இரும்புப் பலகையை அதே விசையில் இறுக்கி, பிசகிய நிலையிலேயே வட்டமாக்குவார்கள். பலகையைக் கழற்றினால் கோணல், ஹெட் ஏறினால் வட்டம். இந்த யோசனை முதலில் யாருக்கு உதித்ததோ, அவருக்கு என் வணக்கம். ஹோனிங் கல் விட்டுச்செல்லும் குறுக்குமறுக்கான கோடுகளில்தான் ஆயில் தங்கும்.

கிராங்கை பத்து தவ் தேய்த்து அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்துவிட்டதால் வெளியேற்றும் வால்வுகளுக்குக் கடினமான இருக்கைகள் பொருத்துவார்கள். முன்பு ஈயமே அந்த இடத்தைத் தேயாமல் காத்தது. ஹெட்டை இறுக்கும் நட்டுகளில் சில, டேப்பெட்டுகள் நிற்கும் நடுப்பள்ளத்துக்குள் மறைந்திருக்கும். ஹெமியைத் தெரியாதவர் தவறவிடுகிற இடம் அது.

எஞ்சினுக்கு முதல் முறை உயிர் வந்ததும் ஐடிலில் விடவே கூடாது. கேம்ஷாஃப்டின் மேடுகளுக்கு ஆயில் போவது கிராங்க் சுழன்று வாரியடிக்கும் சிதறலில்தான். மெதுவாக ஓடினால் அது போதாது. துத்தநாகச் சேர்மம் கலந்த ஆயில் ஊற்றி, இரண்டாயிரம் சுழற்சிக்கு மேல் இருபது, முப்பது நிமிடம் பிடித்திருப்பார்கள். அந்த நேரம் முழுக்க அங்கே யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. கண்கள் ஆயில் அழுத்த முள்ளின்மேல் இருக்கும்.

எஞ்சின் ஆறிய பிறகு ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றி, அதன் தகர உறையை அறுத்துத் திறக்கிறார்கள். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விளக்கொளியில் நீட்டிப் பிரித்து, மின்னும் துகள் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாகப் பார்க்கிறார்கள்.