தருக்கம் (காஞ்சி மரபு)

காஞ்சிபுரத்துப் பௌத்தர் வளர்த்த வாத முறை. ஒரு கருத்தை ஏது காட்டி நிறுவவும், பிறர் கூற்றில் உள்ள பிழையைப் பிரித்தறியவும் கற்பிப்பது. தமிழில் இதன் விரிவான வடிவம் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் உள்ளது. வஞ்சியில் பல சமயவாதிகளைக் கேட்டபின் காஞ்சிக்கு வரும் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு, பௌத்தத் துறவி அறவண அடிகள் தருமத்தை விளக்குமுன் அளவை என்னும் இத்தருக்க முறையைக் கற்பிக்கிறார்.

பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவர் வழிவந்த நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு இக்காதை பெரிதும் ஒத்துள்ளது. ஆதலால் காப்பியம் அந்நூலுக்குப் பிற்பட்டது என்பர் பலர். சங்க காலத்தது என்பாரும் உளர்.

வாதத்தின் உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து. பின்னிரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பது ஏது, அடுக்களை திட்டாந்தம். நல்ல ஏது பேசும் பொருளில் இருக்க வேண்டும், அதையொத்த சபக்கத்தில் இருக்க வேண்டும், மாறான விபக்கத்தில் இருக்கவே கூடாது. மூன்றாவதே உரைகல்.

பெருநகர் என்னும் ஊரின் கிராமசபைக்கு ஒருவர் மனு எழுதுவதாகக் கொள்வோம்: "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, ஆதலால் ஏரி மதகு பழுது." மதகு நன்றாக இருந்தும் வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை காயும். விபக்கத்திலும் காணப்படுவதால் இந்த ஏது அநைகாந்திகம் என்னும் போலி, அதாவது பிழைபட்ட ஏது. "ஷட்டரை முழுக்க இறக்கிய பிறகும் மதகில் தண்ணீர் ஒழுகுகிறது" என்று எழுதினால் மனு நிற்கும்.

போலிகள் பக்கத்தில் 9, ஏதுவில் 14, திட்டாந்தத்தில் 10, ஆக 33. தன் தாயை மலடி என்பது தன் சொல்லே தன்னை முறிக்கும் பக்கப் போலி. ஏதுப் போலி அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படும். ஒலி அறியப்படுவது, ஆகவே அழியக்கூடியது என்பது அநைகாந்திகத்துக்குக் காப்பியம் தரும் சான்று, அழியாதவையும் அறியப்படுமே. இவ்வளவு நுட்பமான பிழைப்பட்டியல் பழந்தமிழ்க் காப்பியம் வேறெதிலும் இல்லை. பௌத்தரை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் வாதத்தையே கருவியாகக் கொண்டது.

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் பதிப்பித்தார். இன்றைய பள்ளிக் கட்டுரைப் பயிற்சியிலோ இவ்வாத உறுப்புகளுக்கு மாறாக முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் அமைப்பே வழங்குகிறது.