உளவியல் ஆய்வுக்கு ‘ஆர்’: இலவச மென்பொருளைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு

உளவியல், கல்வியியல், சமூகப்பணி ஆகிய துறைகளில் இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கின்றனர். நூறு, இருநூறு பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கியாயிற்று. பதில்களை எக்செலில் பதிவும் செய்தாயிற்று. அடுத்து என்ன என்று தெரியவில்லை. சிலர் காசு கொடுத்து வேறொருவரிடம் பகுப்பாய்வைச் செய்து வாங்கிவிடுகின்றனர். அட்டவணைகள் அழகாக வந்துவிடும், ஆனால், “இந்த எண் எப்படி வந்தது?” என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் வராது.

இத்துறைகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள். 1968-இல் நார்மன் நை என்பவரும் அவருடைய இரு சகாக்களும் சமூக அறிவியலுக்கென்றே உருவாக்கிய இதனை 2009-இல் ஐபிஎம் நிறுவனம் வாங்கியது. பட்டியலைத் திறந்து சொடுக்கினால் போதும், கணக்கு வந்துவிடும். அதனால்தான் விரிவுரையாளர்களும் இதையே விரும்புகின்றனர். குறை என்னவென்றால், இதற்கு உரிமக் கட்டணம் உண்டு. பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. படிப்பு முடிந்து வீடு திரும்பியவர், பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தவர், முதுகலைக்குப் பகுதிநேரமாகப் படிப்பவர் ஆகியோருக்குத்தான் அது கைக்கெட்டாமல் போகிறது.

‘ஆர்’ அப்படியல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். இருவர் பெயரின் முதல் எழுத்தும் ‘ஆர்’ என்பதால் அந்தப் பெயர். பெல் ஆய்வகத்தில் அதற்கு முன்பே பிறந்த ‘எஸ்’ என்ற மொழியின் வாரிசு என்பதும் இன்னொரு காரணம். முதல் முழுப் பதிப்பு வெளியான நாள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29. மென்பொருள் முற்றிலும் இலவசம். பதிவிறக்கிய பிறகு இணையம் இல்லாமலே இயங்கும் என்பதால், தோட்டப்புறத்தில் இணைய இணைப்பு விட்டு விட்டு வரும் வீடுகளிலும் வேலை செய்யலாம். கூடுதல் தொகுப்புகளை இறக்க மட்டும் ஒருமுறை இணையம் வேண்டும். இதோடு ஆர்ஸ்டூடியோ என்ற இலவச முகப்பையும் நிறுவிக்கொண்டால் கண்ணுக்கு எளிதாக இருக்கும்.

இங்கே சொடுக்குவதற்குப் பட்டியல் கிடையாது; கட்டளையை எழுத வேண்டும். கணிதத்துக்குப் பயந்து சமூக அறிவியல் பக்கம் வந்தவர்களுக்கு இது அச்சத்தைத் தரும். உண்மையில் இங்கே தேவைப்படுவது கணிதத் திறமையைவிடக் கவனம்தான். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆருக்கு வெவ்வேறு. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நின்றுவிடும். முதல் இரண்டு வாரம் வருவதெல்லாம் பிழைச் செய்தியாகவே இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்.

உழைப்புக்குப் பலன் எங்கே என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலில் பத்து வாசகங்கள். ஐந்து நேர்மறையானவை, ஐந்து எதிர்மறையானவை. 1 முதல் 4 வரை மதிப்பெண் கொடுத்தால், எதிர்மறை வாசகங்களின் மதிப்பெண்ணை 5-இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் தன்மதிப்பு உயர்ந்தவரும் தாழ்ந்தவரும் ஒரே கூட்டுத்தொகைக்கு வந்துவிடுவர்; மாதக்கணக்கில் சேகரித்த தரவு வீண். சொடுக்கிச் செய்த வேலையில், திருப்பினோமா இல்லையா என்பதைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம். ஆரில் அது ஒரு வரியாகக் கோப்பிலேயே இருக்கும். மேற்பார்வையாளர் அந்த வரியைப் படித்தே தவற்றைச் சுட்டலாம். (எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் கட்டளைகளைச் சேமிக்கும் வசதி உண்டு, பயன்படுத்துவோர்தான் குறைவு.) வில்லியம் ரெவல் உருவாக்கிய ‘சைக்’ என்ற தொகுப்பில் நம்பகத்தன்மைக் கணக்கான ஆல்ஃபாவைப் போட்டால், சில வாசகங்கள் எதிர்த்திசையில் நிற்கின்றன, திருப்ப வேண்டியிருக்கலாம் என்று அதுவே எச்சரிக்கும்.

விடுபட்ட பதில்களும் அப்படித்தான். பதில் சொல்லாதவருக்கு 99 என்று பதிவு செய்வது பழைய வழக்கம். 20, 21, 22 வயதுடைய மூவரோடு ஒரு 99 சேர்ந்தால் சராசரி வயது 40.5 ஆகிவிடும், சரியான விடையோ 21. அந்த 99 விடுபட்ட பதில் என்பதை ஆரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு சராசரி கேட்டால், விடுபட்டவற்றை நீக்கச் சொல்லி நாமே ஆணையிடும்வரை அது எண் எதையும் தராது. எரிச்சலாக இருக்கும், ஆனால் எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்று ஒருகணம் யோசிக்க வைத்துவிடும்.

இரண்டு மென்பொருளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் மிரண்டுபோகும் இடம் ஒன்று உண்டு. ஒரே தரவு, ஒரே சோதனை, விடை மட்டும் வேறு. இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனையில், சிதறல் சமமில்லை என்று கொள்ளும் வெல்ச் முறையை ஆர் தானாகவே எடுத்துக்கொள்ளும். எஸ்பிஎஸ்எஸ் இரண்டு வரிகளாக விடை தரும். இரண்டாவது வரியைப் பார்த்தால் ஆர் தந்த அதே எண் இருக்கும். மூன்று, நான்கு குழுக்களை இரண்டு காரணிகளோடு ஒப்பிடும் அனோவாவில் வேறுபாடு இன்னும் ஆழமானது. ஆரின் அடிப்படைக் கட்டளை முதல் வகைக் கூட்டுத்தொகையையும், எஸ்பிஎஸ்எஸ் மூன்றாம் வகையையும் கணக்கிடுகின்றன. எல்லாக் குழுவிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால் விடை ஒன்றாகவே வரும். எண்ணிக்கை மாறினால், ஆரில் எந்தக் காரணியை முதலில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும். இரண்டில் எது பிழை என்று தேடிப் பயனில்லை. எந்த வகையைப் பயன்படுத்தினோம் என்று ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டும்.

தமிழில் பதில் வாங்குவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. திறந்தநிலைக் கேள்விகளுக்குத் தமிழில் எழுதிய பதில்கள், எக்செலிலிருந்து சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கும்போது வெறும் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வி வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். 2022-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, புதிய விண்டோஸ் கணினிகளில் ஆர் யூடிஎஃப்-8 முறையிலேயே இயங்குகிறது. பழைய பதிப்பு வைத்திருப்போர் மாற்றிக்கொள்வது நல்லது.

கற்பதற்கு எந்த வரிசை? கோப்பைத் திறப்பது, விடுபட்டதைக் கவனிப்பது, மதிப்பெண்ணைத் திருப்புவது, படம் வரைவது. சோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். படத்தை ஏன் முன்னால் வைக்க வேண்டும் என்பதற்கு ஆரிலேயே தரவு இருக்கிறது: ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு தொகுதிகள். சராசரி, சிதறல், தொடர்புக் கெழு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு உருவம். ‘ஸ்விர்ல்’ என்ற இலவசத் தொகுப்பு ஆருக்குள்ளேயே பாடம் நடத்தும். ஆர் என்ற ஒற்றை எழுத்தை மட்டும் இணையத்தில் தேடினால் வேண்டியது எளிதில் அகப்படாமல் போகலாம்; புள்ளியியல் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேட வேண்டும்.

கட்டளை எழுதவே வராது என்போருக்கு ஜமோவி, ஜாஸ்ப் ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றில் எஸ்பிஎஸ்எஸ் போலவே சொடுக்கலாம். ஜமோவி உள்ளுக்குள் ஆரைக் கொண்டே கணக்கிடுகிறது. தான் செய்த கணக்குக்குரிய ஆர் கட்டளையைக் காட்டும் வசதியும் அதில் உண்டு. ஆய்வேட்டுக்குக் காலக்கெடு நெருங்கிவிட்டவர்கள் ஜமோவியில் வேலையை முடித்துக்கொண்டு, அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஆரில் எழுதிப் பார்க்கலாம். முதலாண்டு மாணவர்களுக்குக் கால அவகாசம் இருப்பதால், அவர்கள் நேராக ஆரிலேயே தொடங்குவது மேல்.