எல்லையும் எண்ணிக்கையும்: மூன்று ஃபுளூ பெருந்தொற்றுகளில் திருத்தணி வட்டாரம் (1918, 1957, 2009)

ஆய்வுச்சுருக்கம்

1918, 1957, 2009 ஆகிய ஆண்டுகளில் பரவிய இன்ஃபுளுயன்சா பெருந்தொற்றுகளின்போது திருத்தணி வட்டாரம் மூன்று வேறு நிர்வாகப் பிரிவுகளுக்கு உட்பட்டிருந்தது. ஒவ்வொரு பெருந்தொற்றின்போதும் அரசின் கண்காணிப்பு முறை எண்ணிய பொருளும் வேறாக இருந்தது. முதலாவதில் இறப்பும், இரண்டாவதில் காய்ச்சலும், மூன்றாவதில் ஆய்வகம் உறுதிசெய்த தொற்றும் எண்ணப்பட்டன. இவ்விரு மாற்றங்களையும் கருதாமல் புள்ளிவிவரங்களை ஒப்பிடுவது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதையும், தடுப்பூசித் திட்டமிடலில் எல்லையோரச் சிற்றூர்கள் விடுபட அதுவே காரணமாகலாம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இன்ஃபுளுயன்சா, பெருந்தொற்று, நோய்க் கண்காணிப்பு, தடுப்பூசி, திருத்தணி, எல்லை மாற்றம்.

முன்னுரை

பெருந்தொற்று வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாநிலம், மாவட்டம் என்னும் அலகுகளைக் கொண்டே எழுதுகின்றனர். சான்றுகள் அவ்வாறே தொகுக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணம். நோயோ தண்டவாளத்தையும் சாலையையும் சந்தையையும் திருவிழாவையும் பற்றிப் பரவுகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள முரணைத் தெளிவாகக் காட்டும் இடங்களுள் ஒன்று திருத்தணி வட்டாரம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில், அரக்கோணத்திற்கும் ரேணிகுண்டாவிற்கும் இடைப்பட்ட தொடர்வண்டித் தடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. 1871இல் நிறைவெய்திய சென்னை–பம்பாய் நெடுந்தடத்தின் ஒரு பகுதியே இத்தடம். முருகன் கோயில் கொண்ட மலையை நாடி ஆடிக் கிருத்திகைக்குத் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்கள் திரளுகின்றனர். சுற்றியுள்ள கே.ஜி.கண்டிகை முதலிய சிற்றூர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. ‘கண்டிகை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லைக்கு அப்பால் ‘கண்ட்ரிக’ எனத் தொடர்வதும் இந்நிலத்தின் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

1968இல் தோன்றிய ஹாங்காங் ஃபுளூவும் பெருந்தொற்றே. எனினும் நிர்வாக எல்லையும் எண்ணும் முறையும் ஒருசேர வேறுபட்ட மூன்று நிகழ்வுகளே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1918: எண்ணப்பட்டது இறப்பு

1911 ஏப்ரல் 1இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி சேர்ந்திருந்தது. அம்மாவட்டம் அன்று மதராஸ் மாகாணத்தின் பகுதி. 1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய இன்ஃபுளுயன்சா, செப்டம்பருக்குப் பின் கொடிய இரண்டாம் அலையாக நாடெங்கும் பரவியது. இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் வைட், நோய்ப் பரவலில் தொடர்வண்டிக்கு முதன்மைப் பங்கு இருந்ததைத் தம் அறிக்கையில் சுட்டியுள்ளார். அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. பசியும் நோயும் ஒருங்கே வந்தன.

அக்காலத்தில் ஊரக இறப்புகளைப் பதிந்தவர்கள் கிராம அதிகாரிகள். அவர்கள் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய் என வகுக்கப்பட்ட சில தலைப்புகளுக்குள் ஒவ்வோர் இறப்பையும் அவர்கள் அடக்க வேண்டியிருந்தது. இன்ஃபுளுயன்சாவால் நேர்ந்த இறப்புகளுள் பெரும்பகுதி ‘காய்ச்சல்’ என்னும் தலைப்பில் கரைந்துபோனது. பதிவாளர்களே நோயுற்றும் இறந்தும் போனதால் பதிவு மேலும் தளர்ந்தது. ஆகவே 1918இன் இறப்பு எண்ணிக்கை என்பது, வழக்கமான ஆண்டுகளைக் காட்டிலும் மிகுதியாகப் பதிவான இறப்புகளைக் கொண்டு பின்னர் கணிக்கப்பட்ட ஒன்றாகும். அரசின் தொடக்க மதிப்பீடு ஏறத்தாழ 60 லட்சம். மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு கிங்ஸ்லி டேவிஸ் அதனை 1.85 கோடி என மதிப்பிட்டார். அண்மைக்கால ஆய்வொன்று பிரித்தானிய இந்தியாவிற்கு ஏறத்தாழ 1.39 கோடி என்கிறது.

எல்லை எண்ணிக்கையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு நல்ல சான்று. அன்றைய இந்தியப் பேரரசின் எல்லைப்படி, புதிதாக எண்ணப்பட்ட பகுதிகளையும் உட்கொண்டு, 1911–1921 பத்தாண்டில் மக்கள்தொகை 1.2 விழுக்காடு உயர்ந்தது. இன்றைய இந்திய எல்லைக்குள் கணக்கிட்டாலோ அது 0.31 விழுக்காடு குறைந்தது. பத்தாண்டு ஒன்றே, கோடு மாறியதும் வளர்ச்சி வீழ்ச்சியாகிறது.

தடுப்பூசி நிலையிலும் அக்காலம் இருட்டிலேயே இருந்தது. நோய்க்குக் காரணம் ‘ஃபைஃபர் பாசில்லஸ்’ என்னும் பாக்டீரியா எனக் கருதப்பட்டதால், பாக்டீரியாக்களைக் கொண்டே தடுப்பூசிகள் செய்யப்பட்டன. மனித இன்ஃபுளுயன்சா வைரஸ் 1933இல்தான் பிரித்தறியப்பட்டது.

1957: எண்ணப்பட்டது காய்ச்சல்

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்குச் சென்றது. 1957இல் அது ஆந்திரப் பிரதேசத்தின் ஊர். அதே ஆண்டு மே மாதத்தின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக ஆசிய ஃபுளூ சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. இந்தியாவிற்குள் அப்பெருந்தொற்று நுழைந்த வாயில் சென்னையே. சில வாரங்களில் அது நாடு முழுவதும் பரவியது.

நோய் நுழைந்த நகரிலிருந்து சில மணி நேரத் தொடர்வண்டிப் பயணத்தில் திருத்தணி இருந்தது. ஆனால் அங்கு யாருக்கேனும் காய்ச்சல் கண்டிருந்தால் அது மதராஸ் மாநிலக் கணக்கில் ஏறியிராது. சித்தூர் வழியாக ஆந்திரக் கணக்கிலேயே சேர்ந்திருக்கும். ‘மதராஸ் மாநிலத்தில் ஆசிய ஃபுளூ’ என எழுதப்படும் எந்த வரலாற்றிலும், இன்று தமிழ்நாட்டிலுள்ள இவ்வட்டாரம் இடம்பெறாமல் போவது இதனால்தான்.

1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை இந்தியாவில் 44,51,785 பேர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் பதிவாகியுள்ளது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் இன்ஃபுளுயன்சா மையம் வைரஸை ஆராய்ந்தது. எனினும் இவ்வளவு பேரையும் ஆய்வகத்தில் சோதித்திருக்க இயலாது என்பது வெளிப்படை. அறிகுறிகளைக் கொண்டே அவர்கள் எண்ணப்பட்டனர். தகுந்த வைரஸிலிருந்து தடுப்பூசி செய்யும் அறிவு அப்போது உலகில் இருந்தது. அமெரிக்காவில் அது பெருமளவில் உற்பத்தியும் ஆயிற்று. இந்தியாவில் அது பெருந்திரள் திட்டமாக உருப்பெறவில்லை.

எல்லைகளை மாற்றும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி மதராஸ் மாநிலத்திற்கு வந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் பரிந்துரையும் அதற்குப் பின்புலமாக அமைந்தன.

2009: எண்ணப்பட்டது ஆய்வக முடிவு

1997இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தின் பகுதியாக இவ்வட்டாரம் மூன்றாம் பெருந்தொற்றை எதிர்கொண்டது. மக்கள் வழக்கில் ‘பன்றிக் காய்ச்சல்’ எனப்பட்ட எச்1என்1 தொற்றை உலக சுகாதார நிறுவனம் 2009 ஜூன் 11இல் பெருந்தொற்றாக அறிவித்தது. இந்தியாவில் முதல் தொற்று மே மாதம் ஐதராபாத்தில் உறுதியானது. ஆகஸ்டில் புனேயிலும் சென்னையிலும் இறப்புகள் நேர்ந்தன. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் தமிழ்நாட்டின் பரிசோதனைக்கு மையமாயிற்று.

தொடக்கத்தில் ஐயப்பாட்டிற்குரிய அனைவரையும் சோதிக்க முயன்ற அரசு, நோய் பெருகியதும் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது. லேசான அறிகுறியுடைய ‘ஏ’ வகையினருக்கும், வீட்டில் தனித்திருக்க வேண்டிய ‘பி’ வகையினருக்கும் பரிசோதனை தேவையில்லை. மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய ‘சி’ வகையினருக்கே பரிசோதனை என நெறிமுறை வகுக்கப்பட்டது. ஆய்வகங்கள் குறைவாக இருந்த சூழலில் இது பொருந்திய முடிவே. ஆனால் இதன் விளைவாக ‘எண்ணிக்கை’ என்பதன் பொருள் மாறியது.

2009இல் இந்தியாவில் உறுதியான தொற்று 27,236, இறப்பு 981. 2010இல் தொற்று 20,604, இறப்பு 1,763. இவ்வெண்களை 1957இன் எண்களோடு நேரடியாக ஒப்பிட்டால், 1957இல் நோயுற்றோருள் ஏறத்தாழ 4,050 பேருக்கு ஒருவரும், 2009இல் 28 பேருக்கு ஒருவரும், 2010இல் 12 பேருக்கு ஒருவரும் இறந்ததாகத் தோன்றும். 2009இன் வைரஸ் ஆசிய ஃபுளூவைக் காட்டிலும் 140 மடங்குக்கு மேல் கொடியது என்றோ, ஓராண்டிற்குள் அதன் கொடுமை இரட்டித்தது என்றோ இதனைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி வகுக்கும் எண்ணிலிருந்து எழுவது. லேசான நோயாளிகள் கணக்கிலிருந்து விலக விலக, எஞ்சியோருள் இறந்தோரின் விகிதம் உயர்ந்து தோன்றுகிறது.

தடுப்பூசியும் கணக்கில் வராத ஊரும்

2010இன் தொடக்கத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கென 15 லட்சம் அலகுத் தடுப்பூசி இறக்குமதி செய்யப்பட்டது. உள்நாட்டில் உருவான முதல் தடுப்பூசி அவ்வாண்டு ஜூனிலும், மூக்கில் செலுத்தும் வகை ஜூலையிலும் சந்தைக்கு வந்தன. ஆகஸ்ட் 10இல் பெருந்தொற்றுக் காலம் முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்து குறைவாகவும் காலந்தாழ்ந்தும் வரும்போது, யாருக்கு முதலில் என்ற வினாவிற்குக் கண்காணிப்புத் தரவே விடையளிக்க வேண்டியுள்ளது.

இங்கேதான் கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களின் நிலை கவனத்திற்குரியது. காய்ச்சல் கண்டு மூன்று நாளில் தேறிய உழவுத் தொழிலாளி ‘ஏ’ வகையினர். அவர் ஆய்வக எண்ணிக்கையில் இல்லை. எல்லையோரத்தவர் மருத்துவத்திற்குத் திருப்பதிக்குச் சென்றால் அவர் பற்றிய பதிவு முதலில் வேறு மாநிலத்தில் எழுகிறது. இவ்வாறு ஓர் ஊரின் பெயருக்கு எதிரே சுழியம் நின்றால், அங்கு நோய் இல்லை என்பதைவிட அங்குச் சோதனை நிகழவில்லை என்றே முதலில் பொருள்கொள்ள வேண்டும்.

அறிகுறிகளை மட்டும் எண்ணுவதும் போதாது என்பது உண்மையே. ஃபுளூ, டெங்கு, எலிக்காய்ச்சல் அனைத்தும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் இதற்கான கருவி முன்பே கையில் உள்ளது. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், களப்பணியாளர் அறிகுறிகளைப் பதியும் ‘எஸ்’ படிவம், மருத்துவர் பதியும் ‘பி’ படிவம், ஆய்வகத்தின் ‘எல்’ படிவம் என மூன்று வாரந்தோறும் திரட்டப்பட்டு வந்தன. ‘எஸ்’ படிவத்தில் ஊர் பேசுகிறது. ‘எல்’ படிவத்தில் வைரஸ் பேசுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பொதுவெளியில் ஒலிப்பது பின்னதே. மூன்றையும் இணைத்தும், திருத்தணி, நகரி, புத்தூர் என அடுத்தடுத்த ஊர்களின் தரவை மாநிலக் கோட்டைக் கடந்து ஒருசேர வைத்தும் படித்தால்தான் நோயின் வழி புலப்படும்.

முடிவுரை

மூன்று பெருந்தொற்றுகளில் திருத்தணி வட்டாரம் மதராஸ் மாகாணத்தின் சித்தூர், ஆந்திரத்தின் சித்தூர், தமிழ்நாட்டின் திருவள்ளூர் என மூன்று கணக்கேடுகளில் இடம்பெற்றது. அவ்வேடுகள் முறையே இறப்பையும் காய்ச்சலையும் ஆய்வக முடிவையும் எண்ணின. எனவே இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு பின்னோக்கித் தேடும் ஆய்வாளர் இவ்வட்டாரத்தின் வரலாற்றில் மூன்றில் ஒரு பகுதியையே காண்பார். வட்ட அளவிலான பதிவுகளை எல்லை மாற்றங்களோடு பொருத்தித் தொகுப்பது வரலாற்றாய்வின் உடனடித் தேவை. அடுத்த பெருந்தொற்றில் தடுப்பூசிப் பெட்டி எந்த ஊருக்கு முதலில் செல்லவேண்டும் என முடிவுசெய்வோருக்கும் அத்தொகுப்பு உதவும்.