அவித்த நெல்லும் தீட்டிய அரிசியும்

மலேயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், ஒருநாள் இதயம் நின்றுவிடும். நோய்க்குப் பெரிபெரி என்று பெயர் இருந்ததே தவிர, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஈரக்காற்று என்றார்கள், கிருமி என்றார்கள், மண்ணிலிருந்து கிளம்பும் நச்சு என்றார்கள். அதே மலேயாவில், அதே மழையில் நனைந்து தோட்டவேலை செய்த தமிழர்களை அந்த நோய் அநேகமாகத் தொடவே இல்லை. அவர்களில் பலர் தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள்.

இந்த வித்தியாசத்தைக் கவனித்தவர் லெனார்ட் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய வெள்ளைவெளேரென்ற பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. மலாய்க்காரர்கள் உண்டதும் பச்சரிசிதான். ஆனால் அது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. கெட்டுப்போன அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று பிராடன் நினைத்தார். அது தவறு. ஆனாலும் அவர் விரல் நீட்டிய பொருள் சரியானது.

கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறுபாதிக்கு இந்தியப் புழுங்கலரிசி. கட்டடத்தில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நடுவில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றினார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. 1907இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. நோயாளிகளிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை என்பதையும் சேர்த்தே இந்தச் சோதனையை நினைக்க வேண்டியிருக்கிறது.

ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து இதே வாசலுக்கு வேறு வழியாக வந்திருந்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. தவிடு போட்டதும் எழுந்து நடந்தன. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் ஒளிந்திருந்த பொருள் தயமின், அதாவது வைட்டமின் பி1. அதை 1936இல் ரசாயன முறையில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், பாதிரியார் குடும்பத்தில் நெல்லூரில் பிறந்தவர்.

ஆக, உலக மருத்துவம் தலையைப் பிய்த்துக்கொண்ட நோய்க்கு மாற்று மருந்து காவிரிக் கரையின் கொல்லைப்புற அடுப்புகளில் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே யாருக்கும் வைட்டமின் தெரியாது. நெல் அவித்ததற்குக் காரணங்கள் வேறு. அவித்த நெல்லின் உமி சுலபமாகக் கழலும். உலக்கை விழும்போது அரிசி நொறுங்காது, நொய் குறையும். எளிதில் வண்டு பிடிக்காது. சோறு வயிற்றில் ‘தங்கும்’ என்பது வயலில் இறங்குகிறவர்களின் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே குறுவை. ஐப்பசி அடைமழை தலைக்கு மேல் நிற்கும்போது அறுவடையாகும் நெல் அது. ஈரமாகவே களத்துக்கு வரும் அந்த நெல்லை முளைத்துப்போக விடாமல் அரிசியாக்க அவியல் நல்ல வழி.

செய்முறை எளிதுதான், ஆனால் கைப்பக்குவம் வேண்டும். பெரிய அண்டாவில் நெல்லைக் கொட்டித் தண்ணீர் நிரப்பிச் சூடேற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் நீரை வடித்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் வைத்துச் சாக்கால் மூடி ஆவி கட்டுவார்கள். நெல்லின் நுனி லேசாக வாய் பிளந்தால் பதம். அதற்கு மேல் போனால் குழைந்துவிடும், முன்னாலேயே இறக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். பிறகு களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் கிளறிக் காயவைப்பார்கள். ஒரே வெயிலில் மொத்தமாகக் காய்ந்தால் அரிசிக்குள் வெடிப்பு விழும்; ஆகவே பாதி காய்ந்ததும் குவித்து நிழல் காட்டி, மறுபடி பரப்புவார்கள். ஒரு நெல்லை உரித்துக் கடித்து, பல்லில் படும் சத்தத்தை வைத்தே குத்தலாமா என்று முடிவு செய்வார்கள். இவ்வளவும் பெண்களின் வேலை.

நடந்த ரசாயனம் இதுதான். ஊறும்போதும் ஆவி ஏறும்போதும் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் சத்துகள் நீரோடு அரிசியின் உள்ளே இறங்குகின்றன. பிறகு மேல்தோலைத் தீட்டி எடுத்தாலும் உள்ளே போனது போவதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தால் கணக்கு விளங்கும். 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21தான். கைக்குத்தல் புழுங்கலில் 0.27. ஆலை பறித்ததில் பெரும்பங்கை அவியல் காப்பாற்றிவிட்டது என்று பொருள்.

புழுங்கலுக்கு இத்தனை பெருமை இருந்தும் பூஜையறைக்குள் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒருமுறை வெந்ததை மறுபடி வேகவைத்துப் படைப்பதா என்று பொங்கலுக்கும் நைவேத்தியத்துக்கும் திவசத்துக்கும் பச்சரிசியே நின்றது. சத்துக் கணக்கில் சாமிக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் காவிரி டெல்டாவுக்கு ஹல்லர் மில்கள் வந்தன. எண்ணெய் எஞ்சின், தோல் பெல்ட், இரும்பு உருளை. ஒரு பக்கம் நெல் போனால் மறுபக்கம் அரிசி. உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து வெளியே விழும், அரிசியும் நிறைய உடையும். ஆனாலும் நாள் முழுக்க இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிக் குத்தியதை மிஷின் சில நிமிடங்களில் முடித்தது. உலக்கை மூலைக்குப் போனது. கூடவே, குத்துக்கூலியாக அரிசியும் குருணையும் வாங்கிக் குடும்பம் நடத்திய பெண்களின் வருமானமும் போனது.

ஆந்திரக் கடற்கரையில், பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில், மில் அரிசி பெரிபெரியாகவே வெளிப்பட்டது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் குன்னூரில் பெரிபெரி விசாரணை என்ற பெயரில் ஓர் ஆய்வைத் தொடங்க அதுவும் காரணம். அந்த ஆய்வு தொடங்கிய சிறிய அறைதான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. தமிழ்ப் பக்கம் பெரிபெரி அபூர்வம். அதற்காகத் தமிழன் மார்தட்டிக்கொள்ளவும் மெக்காரிசன் இடம் வைக்கவில்லை. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவு தின்றவை கொழுகொழுவென்று வளர்ந்தன, மதராஸ் உணவு தின்றவை கடைசி வரிசையில் சோனியாக நின்றன. தவிட்டுச் சத்து மட்டும் இருந்தால் போதாது; பாலும் பருப்பும் கீரையும் போதுமான அளவு தட்டில் இல்லை.

மெக்காரிசனுக்குப் பின் 1935இல் குன்னூருக்கு வந்த அய்க்ராய்டும் சகாக்களும் அரிசியை விட்டு அடுக்களைக்குள் நுழைந்தார்கள். அவர்கள் சொன்னது இன்றைக்கும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அரிசியைத் தேய்த்துத் தேய்த்து நாலு தண்ணீரில் கழுவினால் தயமின் கழுநீரோடு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் மிச்சம் கஞ்சியோடு போகிறது. தீட்டிய பச்சரிசியில் இந்த இழப்பு அதிகம், புழுங்கலில் குறைவு. வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடித்த ஏழை வீடுகள், அந்த ஒரு விஷயத்திலாவது, பணக்கார வீடுகளை முந்திக்கொண்டன.

மில்லுக்கு எதிரான குரலும் தஞ்சாவூரில் பிறந்தவரிடமிருந்தே வந்தது. லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்த ஜே.சி. குமரப்பா அங்கே பிறந்தது 1892இல். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய அவருக்குக் கைக்குத்தல் அரிசி முக்கியமான வேலைத்திட்டம். ஆலை சத்தையும் பறிக்கிறது, கூலியையும் பறிக்கிறது என்பது அவர் வாதம். சுதந்திரத்துக்குப் பின் 1958இல் வந்த அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தில் அந்த வாதத்தின் எதிரொலி இருந்தது. உரிமம் இல்லாமல் புது மில் வைக்கக் கூடாது. உரலுக்கு ஆயுள் கொடுக்க நினைத்த சட்டம், ஊருக்கு ஊர் ஓடிய மிஷினை நிறுத்தவில்லை. 1997இல் சட்டமே ரத்தானது.

இதற்கிடையில் நெல் பெருகியது. 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வான முதல் ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 ரகம் குறுவைக்கு வந்தது. விளைச்சல் கூடக் கூட, மழையில் நனைந்து வரும் நெல்லும் கூடியது. மில்களின் சிமென்ட் தொட்டிகளில் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறிய நெல் புளித்து நாறியது. மில் இருந்த தெருவில் வசித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சோற்றிலும் அந்த வாடை வரும்.

1967இல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் நவீன அரிசி ஆலையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். 1972இல் அது நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக மத்திய அரசின் கீழ் வந்தது. மைசூரின் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் சுமார் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையை ஏற்கெனவே கொடுத்திருந்தது. நாற்றத்துக்கு அது முடிவு கட்டியது. திருவாரூர்க்காரர்கள் ஒருபடி மேலே போய், குறைந்த நேரம் ஊறவைத்து அழுத்த ஆவியில் அவிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலை வேகம், உடைசல் குறைவு; நிறம் மட்டும் சற்றுப் பழுப்பு. அந்த மையம் பிறகு தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்து, பெயர்கள் மாறி, 2021 முதல் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக அங்கேயே இயங்குகிறது.

நிறம் என்றதும் கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. புழுங்கலரிசியும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கடைத்தெரு கேட்க ஆரம்பித்தது. மில்களில் சில்கி பாலிஷ் வந்தது, நிறம் பார்த்துப் பிரிக்கும் சார்டெக்ஸ் வந்தது. பெரிபெரி இப்போது அபூர்வம். சர்க்கரை நோய்தான் வீட்டுக்கு வீடு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். சென்னை ஆய்வாளர்களும் பங்கேற்று 2020இல் வெளிவந்த 21 நாட்டு ஆய்வு, 1,32,000 பேரை ஒன்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தது. நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவில் மட்டும் 61 சதவீதம். 450 கிராம் என்பது மூன்று கப் சோறு. டெல்டாவில் ஒரே பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்குமாக அது முடிந்துவிடும்.

சோறு மட்டும் குற்றவாளி இல்லை. அதே அளவு சோறு உண்டு நாற்று பறித்து, நட்டு, கதிர் அறுத்துத் தலையில் கட்டு சுமந்த உடம்பு வேறு. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வயலில் ஓட வரப்பில் நிற்கும் உடம்பு வேறு. அதேபோல, திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் தேடித் தேடி மீட்ட மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்களுக்கு இப்போது மருந்துப் பெருமை வந்திருக்கிறது. அவர் செய்தது பெரிய வேலை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவையும் மில்லில் கொடுத்துச் சிவப்புத் தோல் போகத் தீட்டி வாங்கினால், பெயர் மட்டுமே மிச்சம்.

கடைசியாக வந்திருப்பது செறிவூட்டப்பட்ட அரிசி. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தபின் ரேஷன் அரிசி முழுவதும் படிப்படியாக அதற்கு மாறியது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து அரிசி வடிவில் பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தார்கள். முதலில் தீட்டி எடுத்துவிட்டு, பிறகு வேறொரு ஆலையிலிருந்து சத்தை விலைக்கு வாங்கிச் சேர்க்கும் ஏற்பாட்டைக் குமரப்பா பார்த்திருந்தால் தன் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதியிருப்பாரோ. அந்த அரிசி மற்றதோடு ஒட்டாமல் சற்று மங்கலாகத் தெரிகிறது, தண்ணீரில் மிதக்கவும் செய்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று பலர் முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்துவிட்டார்கள். ரேஷன் கடை ஊழியர்தான் அது சத்து அரிசி, போட்டு வடிக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.